கீழ இருக்கற நம்பர்

ஏனுங் அம்மிணி, அந்தக் கவரை மடக்காதீங்க. உள்ள ஸ்கேன் பிலிம் இருக்குதுல்ல, மடிஞ்சா கோடு விழுந்துரும். அப்பறம் டாக்டர் இன்னொருக்கா எடுத்துட்டு வாம்பாரு. இப்படிக் குடுங்க, சன்னலோரமா நிறுத்தி வெக்கறேன். கவரைப் பாத்ததுமே தெரிஞ்சுதுங்க, நம்ம ஆஸ்பத்திரின்னு. நான் அங்கதான் வேலை. பதினாலு வருசமாச்சு. இல்லீங்க, நர்ஸ் இல்லை. கம்ப்யூட்டர்ல இருக்கறனுங்க.

ரிப்போர்ட்டை நம்பலாமான்னா கேட்டீங்க? இப்ப நம்பலாமுங்க. நடுவுல ஒரு ரெண்டு மாசம்தான் கண்டம். இப்ப மறுக்காவும் நான் உக்காந்திருக்கறேன், தைரியமாப் போங்க. பஸ்ஸு கவுந்தப்பாடி தாண்டி ஈரோடு போய்ச் சேர இன்னும் முக்கால் மணி நேரம் ஆகுமே, சொல்றேன் கேளுங்க.

நம்ம ஆஸ்பத்திரியில அஞ்சு கம்பெனி கம்ப்யூட்டர் இருக்குதுங்க. பேரு பதியறது ஹைதராபாத்துக்காரங்களது. லேப்புது சென்னை, ரத்தம் பாக்கற மெஷின் வாங்குனப்ப அதோட சேத்திக் குடுத்தது. வார்டுல டாக்டருங்க பாக்கறது பெங்களூர். மருந்துக்கு ஒண்ணு, ஸ்கேனுக்கு ஒண்ணு. ஒவ்வொருக்கா ஒவ்வொருத்தர் பேச்சைக் கேட்டு சேர்மன் ஐயா வாங்கிப் போட்டது. ஒண்ணுக்கொண்ணு பேச்சுவார்த்தை கிடையாது. ஒரே வளவுல குடியிருந்துட்டு மூஞ்சியத் திருப்பிட்டுப் போற பங்காளிக மாதிரி. லேப்புல வர்ற ரிசல்ட் வார்டுக்குத் தானாப் போகாது. நடுவுல ஒரு ஆளு உக்காந்து, இந்த ஸ்க்ரீனைப் பாத்து அந்த ஸ்க்ரீன்ல அடிக்கோணும். அந்த ஆளு நானுங்க.

இதென்ன பெரிய வேலையான்னு எங்கூட்டுக்காரரே கேப்பாரு. நாளைக்கு அறுநூறு நம்பர் அடிப்பனுங்க. ஒரு புள்ளி தள்ளி விழுந்துதுன்னா ஆளு காலி. பதினாலு வருசத்துல வசந்தாமணி அடிச்சதுல ஒரு தப்பு, ஒண்ணே ஒண்ணு, யாராச்சும் காட்டட்டும் பாக்கலாம்.

போன ஆடியிலதான் நிர்வாகம் பாக்கற ஏ.ஓ. சாருக்கு யாரோ ஓதிட்டாங்க. இந்த லேப்பையும் வார்டையும் இணைக்க இன்டர்ஃபேஸ்னு ஒண்ணு இருக்குது, போட்டுட்டா நம்பர் தானாவே போயிரும், நடுவுல ஆளே வேண்டாம்னு. ஆறாவதா ஒரு கம்பெனி வந்துச்சு. அவிங்க அனுப்புன பையன்தான் நவநீதன். பையன்னா முப்பது வயசு இருக்கும், கல்யாணம் ஆனவன், விருதுநகர்ப் பக்கம். தங்கமான குணமுங்க. பொய் சொல்லக் கூடாது. வந்த அன்னைக்கே "அக்கா, இந்த ஆஸ்பத்திரியில எல்லாம் தெரிஞ்ச ஆளு நீங்கதானாம்ல"ன்னு என்ற பக்கத்துல நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்தான். ஹோட்டல் சோறு ஒத்துக்கலைன்னான். அதுக்கப்பறம் நான் தினமும் ரெண்டு பேருக்குக் கட்டிட்டுப் போனேன். அரிசியும் பருப்பும் சோறு கொண்டு போனா டப்பாவை வழிச்சுத் திம்பான்.

பதினோரு நாள் கேட்டானுங்க. லேப்புல சர்க்கரையை எப்படி எழுதுவாங்க, வார்டுல எப்படி வரோணும், கொழந்தைக்குப் பேரு வெக்காம இருந்தா என்ன பண்ணுவீங்க, ஒரே பேருல ரெண்டு பேரு வந்தா என்ன பண்ணுவீங்க. ஒண்ணொண்ணா நான் சொல்லச் சொல்ல, நம்பர் போட்டு எழுதிக்கிட்டான். பதினேழு பாயிண்ட். எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு, நமக்குள்ள இத்தனை இருக்குதான்னு. யாரும் இதையெல்லாம் என்கிட்ட கேட்டதே இல்லை பாருங்க.

பதினேழு முடிச்சுட்டு, "வேற ஏதாச்சும் இருக்குங்களா அக்கா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க"ன்னான்.

ஒண்ணு இருந்துச்சுங்க. சில சமயம் ரத்தம் எடுக்கறப்ப ஊசியிலயே ரத்தம் கெட்டுப் போயிரும். அப்ப பொட்டாசியம்னு ஒரு உப்பு இருக்குது, அது பொய்யா எகிறிக் காட்டும். லேப்புல அதுக்குப் பக்கத்துல சின்னதா ஒரு நட்சத்திரம் போட்டுட்டு, வேற ரத்தம் அனுப்புங்கம்பாங்க. ரெண்டாவது ரத்தத்துல வர்ற நம்பர்தான் நெசம். ஆனா அந்தச் சென்னைக்காரங்க ப்ரோக்ராம்ல மொத நம்பர் அழியாது. மேல அப்படியே நிக்கும். நெசமான நம்பர் அதுக்குக் கீழ வரும். நான் எப்பவும் கீழ இருக்கறதைத்தான் எடுப்பேன். அது யாரும் சொல்லிக் குடுத்ததில்லை, நானாக் கத்துக்கிட்டது. மாசத்துக்கு ரெண்டு மூணுதான் அப்படி வரும்.

சொல்லலாம்னு வாயெடுத்தனுங்க. சாமி சத்தியமா வாயெடுத்தேன். அந்நேரத்துக்கு ஏ.ஓ. சார் உள்ள வந்தாரு. என்னைப் பாக்கவே இல்லை. என்ற தலைக்கு மேல அவன்கிட்டப் பேசறாரு. "முடிஞ்சுதாங்க தம்பி? ஒண்ணாந்தேதியிலிருந்து இந்தம்மாவ ரெக்கார்டு ரூமுக்குத் தள்ளீரலாமல்ல?" தள்ளீரலாமல்லன்னு. உடைஞ்ச பீரோவைச் சொல்ற மாதிரி. அவரு போனதுக்கப்பறம் நவநீதன் தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "சாரிங்க அக்கா. ம், ஏதோ சொல்ல வந்தீங்களே"ன்னான்.

"அவ்வளவுதான் தம்பி"ன்னேன்.

நீங்களே சொல்லுங்க, நான் என்ன பொய்யா சொன்னேன்? அவன் கேட்டான், நான் பதினேழு சொன்னேன். கேக்கறதுக்கெல்லாம் அள்ளிக் கொட்டோணும்னு சட்டமா?

அப்பறம் ரெண்டு வாரம் டெஸ்ட்டுன்னு ஓட்டிப் பாத்தானுங்க. அதுல ஒரு தடவை அந்த மாதிரி ரெண்டு நம்பர் வந்துச்சு. அவன் டீ குடிக்கப் போயிருந்தான். நானே கையில வார்டு நம்பரை மாத்திட்டேன். ஆளுக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுல்ல. வந்து "எல்லாம் சரியாப் போகுதுங்களா அக்கா?"ன்னான். போகுதுன்னேன்.

தொடங்குன அன்னைக்கு ரிப்பன் வெட்டுனாங்க. கேக்கு வாங்கியிருந்தாங்க. மேடையில ஒன்பது நாற்காலி போட்டாங்க, எண்ணுனேன். எனக்கு இல்லை. நவநீதன் மட்டும் ஒரு பேப்பர் தட்டுல கேக்கு எடுத்துட்டு ரெக்கார்டு ரூமுக்கு வந்தான். "இது உங்க மூளைதாங்க அக்கா, நான் டைப்புதான் பண்ணுனேன்"னான். கேக்கை வாங்கி வெச்சேன். திங்கலை, முட்டை போட்டது.

ரெக்கார்டு ரூம்ல பழைய கேஸ் சீட்டையெல்லாம் ஸ்கேன் பண்ணிப் போடறது வேலை. ஆனா என்ற கம்ப்யூட்டரை அப்படியே தூக்கிட்டு வந்து அங்க வெச்சுட்டாங்க. லேப் ஸ்க்ரீனை அடைக்கோணும்னு யாருக்கும் தோணலை. வார்டு ஸ்க்ரீனும் தெரியும், மாத்தத்தான் முடியாது. பழக்க தோசம், ஒரு கண்ணு அதுலயே இருக்கும். மொத வாரத்துல ஒரு தாத்தாவோட பேரு மாறி விழுந்திருந்துச்சு. வார்டுக்குப் போன் போட்டுச் சொன்னேன். சாயங்காலம் ஏ.ஓ. சார் கூப்பிட்டு, "ரெக்கார்டு ரூம் வேலையை மட்டும் பாருங்கம்மா. எல்லாத்திலயும் மூக்கை நீட்டாதீங்க"ன்னாரு. எழுதியும் குடுத்துட்டாருங்க, மெமோ. பதினாலு வருசத்துல மொத மெமோ. லேப்புக்கும் சர்க்குலர் போட்டாங்க. இனிமேல் யாரும் போன் பண்ணி ரிசல்ட் சொல்ல வேண்டாம், கம்ப்யூட்டரே சொல்லிக்கும்னு.

புரட்டாசி மாசம் ஒரு செவ்வாக்கெழமைங்க. ரங்கநாயகின்னு ஒரு அம்மா. முப்பத்தெட்டு வயசு. ரெண்டு நாளா வாந்தி, வயித்தால போகுதுன்னு காலையில கொண்டாந்து சேத்தாங்க. வீட்டுக்காரரு மஞ்சள் மண்டியில எடை போடறவரு. ஒரே பொண்ணு, பத்தாவது படிக்குது. இதெல்லாம் எனக்கு அப்பறம் தெரிஞ்சது. அன்னைக்கு எனக்கு அவிங்க ஒரு நம்பர்தான்.

பதினொரு மணிக்கு லேப்புல பொட்டாசியம் 6.8 வந்துச்சு. பக்கத்துல நட்சத்திரம். சரி, ரத்தம் கெட்டுப் போச்சு, மறுக்கா எடுப்பாங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். எடுத்தாங்க. வார்டு டாக்டர் சின்னப் பொண்ணு, ஆதிரைன்னு பேரு, ரொம்பக் கருத்தானது. எகிறின உப்பைக் குறைக்கற மருந்தை உடனே ஏத்தலை. ரெண்டாவது ரிசல்ட் வரட்டும்னு உக்காந்திருந்துச்சு. ரெண்டாவது ரிசல்ட் வந்துச்சு. 2.6. கீழ. உப்பு எகிறலை, ரொம்ப இறங்கிக் கெடக்குது. வாந்தி, பேதின்னா இறங்கத்தானே செய்யும்? எனக்கே தெரியுது.

வார்டு ஸ்க்ரீனைப் பாத்தேன். அந்த இன்டர்ஃபேஸ் மேல இருக்கறதையே மறுக்கா எடுத்துட்டுப் போயிருக்குது. அங்க 6.8, அதுக்கடுத்ததும் 6.8. அந்தப் புள்ளை பாத்தா என்ன நினைக்கும்? ரெண்டு தடவையும் ஒரே நம்பர், அப்ப நெசம்தான்னு நினைக்கும், குறைக்கற மருந்தை ஏத்திரும்.

போன் என்ற முழங்கைக்குப் பக்கத்துலதான் இருந்துச்சுங்க. வார்டுக்கு 214. கை வெச்சேன். இல்லைன்னு சொல்ல மாட்டேன், வெச்சேன். அப்பறம் மெமோ ஞாபகம் வந்துச்சு. மேசைக் கண்ணாடிக்கு அடியிலதான் வெச்சிருந்தேன், தெனமும் பாக்கறதுக்கு. மூக்கை நீட்டாதீங்க. சரி, நீட்டலை. அவிங்களே பாக்கட்டும். பெரிய டாக்டரு ஒருத்தரு வருவாரு, இதென்ன நம்பர்னு கேப்பாரு, குட்டு உடையும், ஏ.ஓ. சார் ஓடி வருவாரு, வசந்தாமணி எங்கன்னு தேடுவாருன்னு நினைச்சேன். அதுதான் நினைச்சேன். ஒரு ஆளு சாகோணும்னா நினைப்பேன்? எனக்கும் புள்ளை குட்டி இருக்குதுங்க.

பன்னண்டரைக்குச் சாப்பிடப் போயிட்டேன். தக்காளிச் சோறு. நவநீதன் அன்னைக்கு வேற ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தான், அவன் பங்கையும் நானே சாப்பிட்டேன்னு வெச்சுக்குங்க. கை கழுவறப்ப மாடியில ஓடற சத்தம். நர்ஸ் பொண்ணுங்க அந்த நெஞ்சுல வெச்சு அடிக்கற மெஷினைத் தள்ளிட்டு ஓடறாங்க. ஒண்ணு இருபதுக்கு முடிஞ்சு போச்சு.

எனக்கும் மனசு இருக்குதுங்க. அன்னைக்கு ஊட்டுக்குப் போயி ரெண்டு தோசையோட எந்திரிச்சுட்டேன்.

வீட்டுக்காரர்கிட்ட இருதயம் நின்னு போச்சுன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. அது பொய்யில்லையே, நின்னுதானே போச்சு. ஆனா ஆதிரை டாக்டர் விடலை. அழுதுட்டே லேப்புக்குப் போயி, பேப்பர் பேப்பராத் துழாவி, அந்த ரெண்டு நம்பரைக் கண்டு பிடிச்சிருச்சு. மூணாம் நாள் சேர்மன் ரூம்ல விசாரணை. எல்லாக் கம்பெனிக்காரங்களும் வந்தாங்க. லேப்புக்காரங்க, நாங்க ரெண்டு நம்பரும் குடுத்தோம்னாங்க. வார்டுக்காரங்க, எங்களுக்கு வந்ததை நாங்க காட்டுனோம்னாங்க. சுத்திச் சுத்தி எல்லாரும் நவநீதனைப் பாத்தாங்க. அவன் அந்தப் பதினேழு பாயிண்ட் தாளைக் கையில வெச்சிருந்தான். கீழ என்ற கையெழுத்தும் இருக்குது.

என்னையும் நிக்க வெச்சிருந்தாங்க. சேர்மன் ஐயா கேட்டாரு. "இந்தம்மா இதை உன்கிட்டச் சொன்னாங்களா, இல்லையா?"

நவநீதன் என்னைப் பாத்தான்.  அவன் சொன்னான், "அக்கா சொல்லியிருப்பாங்க சார். நான்தான் எழுதாம விட்டிருப்பேன்."

பாத்தீங்களா, அவனே ஒத்துக்கிட்டான். நான் வாயே திறக்கலை.

அன்னைக்கே அவன் கம்பெனி அவனை வேலையை விட்டு எடுத்துருச்சு. இன்டர்ஃபேஸையும் கழட்டிட்டாங்க. அடுத்த நாள் காலையில நான் பழைய இடத்துல உக்காந்து அடிச்சுட்டு இருக்கறேன், பையை மாட்டிக்கிட்டு வந்து நிக்கறான். சவரம் பண்ணலை. ஆளே பாதியாப் போயிருந்தான். உக்காருன்னேன், உக்காரலை.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நீங்க என்கிட்டச் சொன்னீங்களா? நாலு நாளா யோசிச்சுப் பாக்குறேன், எனக்கு ஞாபகமே வர மாட்டேங்குது. தூக்கம் வரல. நீங்க சொல்லி நான் விட்டேனா, இல்ல சொல்ல விட்டுப் போச்சா? உங்க மேல தப்புச் சொல்ல வரலக்கா. எனக்குத் தெரிஞ்சாப் போதும்."

நான் யோசிச்சுப் பாத்தனுங்க. பாவம், ரெண்டுங்கெட்டானா நிக்கறான். ஒரு முடிவு தெரிஞ்சாத்தானே மனுசனுக்கு நிம்மதி?

"சொன்னனே தம்பி"ன்னேன். "நீதான் அப்ப போன்ல பேசிட்டு இருந்தே."

 "ஊர்ல இருந்து போன் வந்துச்சு, ஆமா. என் பொண்டாட்டி போன் பண்ணுனா, மாசமா இருக்கறான்னு சொல்ல"ன்னான். அவனே ஒரு நாளையும் கண்டு பிடிச்சுக்கிட்டான் பாருங்க. அப்பறம் என்ற காலைத் தொட்டுக் கும்பிட்டுட்டுப் போயிட்டான். இப்ப விருதுநகர்ல அப்பா கடையிலயே இருக்கறானாம். கம்ப்யூட்டரைத் தொடறதே இல்லையாம். கெட்டிக்காரப் பையன், ஆனா நெஞ்சுரம் பத்தாதுங்க. ஒரு தப்புக்கே இப்படி ஒடிஞ்சு போனா எப்படி?

பொங்கலுக்கு ஆஸ்பத்திரி ஆண்டு விழாவுல என்னை மேடைக்குக் கூப்பிட்டு சேர்மன் ஐயாவே பொன்னாடை போத்துனாரு. எந்த மெஷினும் வசந்தாமணி கண்ணுக்கு ஈடாகாதுன்னு மைக்குல சொன்னாரு. ஏ.ஓ. சார்தான் ஓடி ஓடிக் கை தட்டுனாரு. இப்ப ரெக்கார்டு கவுண்டரும் என்ற பொறுப்புதான். ரெண்டையும் பாக்கறேன்.

ஆங், சித்தோடு வந்துருச்சு. இன்னும் கொஞ்ச நேரம்தான்.

போன வியாழக்கெழமை அந்த மஞ்சள் மண்டிக்காரரு வந்தாருங்க. சின்னராசுன்னு பேரு. சம்சாரத்தோட பைல் முழுசும் வேணும்னு எழுதிக் குடுத்து, மேல கையெழுத்தும் வாங்கிட்டு வந்துட்டாரு. மரியாதையான மனுசன். வாம்மா போம்மான்னு பேசலை, "இருக்கட்டுங்கம்மா, பொறுமையாக் குடுங்க"ன்னு நின்னாரு. நானும் அக்கறையா, லேப்புது தனி, வார்டுது தனின்னு எல்லாத்தையும் ப்ரிண்ட் எடுத்துக் குடுத்தேன். ஓரமாப் போயி ஒவ்வொரு தாளாப் பாத்தாரு. அவருக்கு இங்கிலீசு வராது. ஆனா எடை போடற ஆளுல்ல, நம்பரு நல்லாத் தெரியும். ரெண்டு தாளைக் கையில புடிச்சுட்டுத் திரும்பி வந்தாரு.

"ஏனுங்கம்மா, இந்தத் தாள்ல ரெண்டும் ஒரே நம்பரு. இந்தத் தாள்ல ரெண்டும் வேற வேற. ஒரே மூட்டைக்கு எப்படிங்க ரெண்டு எடை வரும்?"

இப்படி விவரமாக் கேக்கற ஆளு வந்தா சொல்லத்தானே தோணும்? எல்லாம் எடுத்துச் சொன்னேன். ரத்தம் கெட்டுப் போறது, நட்சத்திரம், எல்லாம். "மேல இருக்கறது தப்புங்க. கீழ இருக்கறதுதான் நெசம். நான் எப்பவும் கீழ இருக்கறதைத்தான் எடுப்பேன்"னேன்.

"எப்பவுமேங்களா?"

"பதினாலு வருசமா."

கீழ இருக்கற நம்பருக்குப் பக்கத்துல வெரலை வெச்சாரு. "இது எத்தனை மணிக்கு வந்ததுன்னு போட்டிருக்குதுங்களா?"

"இதா, பதினொண்ணு நாப்பத்தாறு."

"நாயகி போனது ஒண்ணு இருபதுக்குங்க." வெரல் விட்டு எண்ணுனாரு. "ஒன்றரை மணி நேரத்துக்கு மேல இருந்திருக்குதுங்க."

"ஆமாங்க"ன்னேன். "நம்ம லேப்பு அதுல ரொம்ப வேகம். ஒரு நாளும் தாமசமே பண்ண மாட்டாங்க."

 அந்தத் தாளையே பாத்துட்டு நின்னாரு. பின்னால நாலு பேரு வரிசையில நிக்கறாங்க, நானும் அவசரப்படுத்தலை. அப்பறம் நிமிந்து, "அன்னைக்கு இந்த ரெண்டு நம்பரையும் நீங்க பாத்தீங்களாம்மா?"ன்னாரு.

"பாக்காம? என்ற கண்ணுல இருந்து ஒண்ணு தப்பாதுங்க"ன்னேன்.

சட்டைப் பையில இருந்து பேனாவை எடுத்தாரு. மூடியைக் கழட்டவே வரலை. நான்தான் வாங்கிக் கழட்டிக் குடுத்தேன். "உங்க பேரு என்னங்கம்மா?"ன்னு கேட்டாரு. பதினாலு வருசத்துல ஆஸ்பத்திரிக்கு வந்த ஒருத்தரு கூட என்ற பேரைக் கேட்டதில்லைங்க அம்மிணி. வசந்தாமணின்னேன். அந்தத் தாள்லயே, அந்த நம்பருக்குக் கீழயே எழுதுனாரு.

சும்மா வசந்தாமணின்னா ஆஸ்பத்திரியில மூணு பேரு இருக்கறோமுங்க. பா. போட்டு எழுதிக்குங்கன்னு சொன்னேன்.